ஊழியக் களத்திலிருந்து திரும்பியபின் சந்தோஷம் வரவில்லையா?

மூதூர்ப் பக்கக் கிராமங்களில் மூன்று வருடம் ஊழியம் செய்துவிட்டு திருகோணமலைக்குத் திரும்பிய முதல் ஞாயிறு, சபையில் எல்லோரும் கைதட்டிப் பாட, நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். ஆராதனை முடிந்ததும் ஒருவர் கேட்டார், "எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள்?" எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தேன். நீங்களும் இப்படித் திரும்பி வந்திருந்தால், இது உங்களுக்கு.

முதலில் தூங்குங்கள். இதை ஆவிக்குரிய ஆலோசனையாகவே சொல்கிறேன். 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்து வாசியுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கிய அவ்வளவு பெரிய காரியம் நடந்த கையோடு எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்கிறார். வந்த தூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, எழும்பிச் சாப்பிடு என்றான். திரும்பத் தூங்கினார், திரும்பவும் சாப்பாடு. ஓரேப் மலைக்கு 40 நாள் நடந்ததும், தேவன் அவரோடு பேசியதும் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே ஒரு மாதத்துக்காவது பிரசங்கம், சாட்சி, ஜெபக்கூட்டம் நடத்துவது எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம், போதகரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் மருத்துவரிடம் கதையுங்கள். சாகலாம் போல நினைப்பு வந்தால் ஒருநாள்கூடப் பொறுக்காமல் போங்கள். விசுவாசக் குறைவால் வருவதல்ல அது.

அப்புறம் நடை. நான் விடிய வெள்ளன டச்சுக்குடாக் கரைக்குப் போவேன். ஜெபிக்க வேண்டும் என்றுகூட நினைக்காமல், கடலுக்கு மேலே சூரியன் எழும்பும் வரை சும்மா நடப்பேன்.

இதெல்லாம் உடம்புக்கு. சந்தோஷம் திரும்பி வந்தது வேறு வழியாக. வந்து சில நாளில் பக்கத்து வீட்டு அக்கா, சைவக்காரர், புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்தார். நான் அவசரமாகப் பாத்திரத்தைக் கழுவி, பதிலுக்கு என்ன போட்டுக் கொடுக்கலாம் என்று குசினியில் தேடிக்கொண்டிருந்தேன். "சாப்பிடுங்கோ தம்பி, பாத்திரத்த ஆறுதலாத் தாங்கோ" என்றார். மூன்று வருடமாகக் கொடுத்துக் கொடுத்தே பழகி, ஒருவர் தருவதை இருந்து வாங்கத் தெரியாமல் போயிருந்தது எனக்கு. வாங்கத் தெரியாதவனுக்கு நன்றி எங்கிருந்து வரும்? யோவான் 21-ஐப் பாருங்கள். இரவு முழுக்க வலைபோட்டு ஒன்றும் அகப்படாத சீஷர்கள் விடியற்காலை 153 மீனோடு கரைக்கு வரும்போது, அங்கே கரிநெருப்பில் மீனும் அப்பமும் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்கள் பிடித்ததை எண்ணுவதற்கு முன்பே சாப்பாடு தயார்.

அதனால் ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வோர் இரவும் களத்தில் சந்தித்த ஒரே ஒரு ஆளை நினைத்து, அவர் உங்களுக்கு என்ன தந்தார் என்று எழுதுங்கள். நீங்கள் அவருக்குச் செய்தது அதில் வரவே கூடாது, இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். என் கொப்பியில் முதலில் எழுதியது, மாரி மழையில் பாதை முழுக்க வெள்ளம் நின்ற நாளில் என்னைத் தோணியில் ஏற்றி அக்கரை விட்டு, காசு வேண்டாம் என்றவரை. அடுத்தது, வீட்டில் இருந்த ஒரே முட்டையை எனக்குப் பொரித்துத் தந்த அம்மம்மா. பிறகு, மாதக் கடைசியில் கேட்காமலே பாணும் பருப்பும் கடனுக்குத் தந்த மூதூர்க் கடைக்கார நானா. பத்துப் பதினைந்து நாளில் எனக்குள் ஏதோ இளகியது. லூக்கா 10-இல் ஊழியத்துக்கு அனுப்பப்பட்ட எழுபது பேர் வெற்றிக் கதைகளோடு திரும்பி வரும்போது, அதற்காக அல்ல, உங்கள் பெயர் பரலோகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்று இயேசு ஏன் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உங்களை வருத்தாதீர்கள். சொன்ன உதவியைப் பாதியில் நிறுத்தியவர்கள், முதுகுக்குப் பின்னால் கதைத்தவர்கள், இதெல்லாம் இருக்கும். கொப்பியின் பின்பக்கத்திலிருந்து அவற்றை எழுதுங்கள், 88-ஆம் சங்கீதத்தோடு சேர்த்து ஜெபியுங்கள். அந்தச் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது. கணவனோ மனைவியோ பிள்ளைகளோ உங்களோடு களத்தில் இருந்தால் அவர்களுக்கும் ஆளுக்கொரு கொப்பி கொடுங்கள், அவர்கள் எழுதுவதைத் திருத்த மட்டும் போக வேண்டாம்.

கடைசியாக, எழுதியவர்களில் இரண்டு மூன்று பேரையாவது போய்ப் பாருங்கள். துண்டுப்பிரசுரம் கொண்டுபோகாதீர்கள், இது ஊழியப் பயணம் அல்ல. நான்கு மாதம் கழித்து நான் பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் தாண்டி நானாவின் கடைக்குப் போனேன். அன்றைக்கு அந்தப் பாணும் பருப்பும் எனக்கு எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்று சொன்னேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. பிளேன்டீ ஊற்றித் தந்தார், காசு வாங்க மாட்டேன் என்றார், நானும் இந்த முறை வற்புறுத்தாமல் இருந்து குடித்தேன்.