முண்டு விழுந்த மரத்தை அறுக்கும் முன்

அட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரங்கள் சிலவற்றில் முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். மரத்தை வெட்டினால் அந்தத் துண்டு நேரே அடுப்புக்குத்தான் போகிறது. அழுகல் என்று நினைத்து எரித்துவிடுகிறார்கள். அறுத்துப் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும்.

இது கடற்கரைச் சவுக்கு அல்ல. மரக்காலையில் இதைச் சில்வர் ஓக் என்பார்கள். அதை நம்பி ஓக்கின் குணங்களை எதிர்பார்க்காதீர்கள். இது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். நிஜ ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். ஈரப் பலகையில் இரும்பு ஆணி அடித்தால் கறுநீலக் கறை ஊறும். ஓக் மரத்தில் குளவி முட்டையிட்டு உண்டாகும் உருண்டைகளில் டானின் இன்னும் செறிவு. அவற்றோடு இரும்பு உப்பைச் சேர்த்துத்தான் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதும் மை செய்தார்கள். அந்த உருண்டையும் மரமுண்டும் ஒன்றல்ல.

முண்டு பெரும்பாலும் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் பெருகுவதால் வருகிறது. நார்கள் நேராக ஓடாமல் ஒவ்வொரு மொட்டையும் சுற்றி வளைகின்றன. பலகையில் தெரியும் கண் கண்ணான கோலம் அதுதான். சிக்கலும் அங்கேதான். காயும்போது மரம் நாரின் நீளத்தில் மிகக் கொஞ்சமும் குறுக்கே நிறையவும் சுருங்கும். நார் அங்குலத்துக்கு அங்குலம் திசை மாறினால் துண்டு தன்னைத்தானே இழுத்துப் பிளந்துகொள்ளும். பச்சையாக வெயிலில் போடுவதுதான் பெரிய தவறு. வேண்டிய அளவைவிடத் தடிப்பாக அறுத்து, வெட்டு முகங்களில் மெழுகு பூசி, நிழலில் மாதக்கணக்கில் ஆறவிடுங்கள்.

சரிவில் சாய்ந்து வளர்ந்த மரத்தையும் கவனிக்க வேண்டும். அடிக்கட்டையில் நடுப்புள்ளி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். சாய்வின் மேல்பக்கத்து நார்களில் நாரின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸ் கூடி, மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னின் குறைந்திருக்கும். அறுத்த முகம் பஞ்சு போல் பிசிறும். சாதாரண மரம் நீளத்தில் 0.1 முதல் 0.2 சதவீதம் வரை சுருங்கினால், இது 1 சதவீதத்தையும் தாண்டலாம். 2 மீட்டர் பலகையில் அது 20 மில்லிமீட்டர். கதவு நிலைக்கு ஆகவே ஆகாது.

நிற்கிற மரத்தில் முண்டை மட்டும் செதுக்கி எடுக்காதீர்கள். காயம் வழியே பூஞ்சை நுழைந்து அடிமரத்தையே அழுக வைத்துவிடும். அப்புறம், சவுக்குத் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் உண்டாக்கும். தேய்க்கும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.