லோட்டஸ் எலிஸ் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

இங்கிலாந்தின் ஹெத்தெல் ஆலையில் 1996 முதல் 2021 வரை தயாரான லோட்டஸ் ஸ்போர்ட்ஸ் கார் எலிஸை இனி பழைய வண்டியாகத்தான் வாங்க முடியும். முதல் தலைமுறையின் எடை சுமார் 725 கிலோ. அதனால் பிரேக் பேட் நெடுநாள் உழைக்கும், பெட்ரோலும் அதிகம் குடிக்காது. இதை மட்டும் பார்த்துச் சிக்கனமான வண்டி என்று முடிவுகட்டினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். எடையைக் குறைக்க என்னென்ன செய்தார்களோ, பணம் கரைவதும் அங்கேதான்.

முதலில் சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம். அலுமினியத் துண்டுகளை எபாக்ஸி பசையால் ஒட்டிச் செய்தது. வளைந்தால் தட்டி நிமிர்த்த வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். சுமாரான விபத்துக்கே இன்ஷூரன்ஸ்காரர்கள் வண்டியைக் கழித்துவிடுவது இதனால்தான். அடித்தட்டைக் கழற்றிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

முன்பக்க ஃபைபர் பாடி முழுக்க ஒரே துண்டு, 'கிளாம்' என்பார்கள். பார்க்கிங்கில் லேசாக இடித்தாலும் விரிசல் விடும். விளக்கு, நம்பர் பிளேட் ஓரங்களில் சிலந்திவலை போன்ற கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். புதிய கிளாமும் பெயின்டும் சேர்ந்தால் பல ஆயிரம் பவுண்டு. ரேடியேட்டர் மாற்றவும் வழக்கமாக இதைக் கழற்றுவார்கள். பொருளைவிடக் கூலி அதிகமாவது அங்கேதான்.

ஆரம்பகால வண்டிகளில் இருப்பது ரோவர் கே-சீரிஸ் 1.8 இன்ஜின். ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் சீட்டுக்குப் பின்னால். சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும், நீளக் குழாயில் ஆறிக் கிடந்த கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடான இன்ஜினுக்குள் பாய்கிறது. அந்த அதிர்ச்சியில் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு, போகும். கூலன்ட் தொட்டியில் மட்டம் குறைந்திருந்தாலோ, ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரிப் படிந்திருந்தாலோ உஷார். ஹெட்டை இறக்கினால் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்டும், ஹெட்டை நகராமல் இடத்தில் பிடிக்கும் ஸ்டீல் முளைகளும் (dowel) போடச் சொல்லுங்கள்; சிலிண்டரின் உள்குழாயான லைனரின் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். லைனர் தாழ்ந்திருந்தால் எந்தக் கேஸ்கெட்டும் நிற்காது. டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்ப்பையும் அப்போதே மாற்றினால் ஒரு கூலி மிச்சம்.

2004-இல் வந்த 111ஆர் மாடலின் டொயோட்டா இன்ஜினுக்கு டைமிங் செயின். பெல்ட் செலவு இல்லை. நன்றாகச் சூடான பிறகு ஓட்டிப் பாருங்கள். சுமார் 6,200 ஆர்பிஎம்மில் முதுகைத் தள்ளும் வேகம் வராவிட்டால் வால்வுகளைத் திறக்கும் கேம் தேய்ந்திருக்கலாம்.

கட்டாயம் பார்க்க வேண்டியது டோ லிங்க், அதாவது பின்சக்கரத்தை நேராகப் பிடித்துவைக்கும் கம்பி. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் உடனே மாற்றுங்கள். ஓடும்போது முறிந்தால் பின்சக்கரம் தன் போக்கில் திரும்பிவிடும். இதில் மட்டும் செலவுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

டயரில் முன்னும் பின்னும் வேறு வேறு அளவு. இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன்செய்ய முடியாது. வீல் அலைன்மென்ட்டை ஓட்டுபவரின் எடையை ஏற்றிவைத்துச் செய்யும் கடைக்கே கொண்டுபோங்கள்.

இன்ஷூரன்ஸில் வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிவாங்குங்கள். ரேஸ் டிராக்கில் ஓட்டும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனி பாலிசி எடுங்கள், சாதாரண பாலிசி அங்கே செல்லாது.