குப்பியை விட்டு வரும் கிழங்கு நாற்றுக்குக் கலவை தயாரிப்பது எப்படி?

திசு வளர்ப்பில், அதாவது செடியின் சிறு துணுக்கைக் கிருமியில்லாத குப்பியில் வளர்த்து உருவாக்கிய சர்க்கரைவள்ளி, சேம்பு நாற்றுகள் பெரும்பாலும் சாவது குப்பியை விட்டு வந்த முதல் இரண்டு வாரங்களில்தான். வாடுகிறதே என்று தண்ணீரை ஊற்றினால் கதை முடிந்தது. குப்பிக்குள் காற்றின் ஈரப்பதம் 100 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். அதனால் இலையில் மெழுகுப் பூச்சு சரியாகப் படிந்திருக்காது, இலைத்துளைகளும் ஒழுங்காக மூடாது. குப்பியில் மண்ணுக்குப் பதிலாக இருக்கும் கூழான அகரில் வளர்ந்த வேரிலோ நீரை உறிஞ்சும் தூவிகள் மிகக் குறைவு. ஆகவே ஈரம் இலையைச் சுற்றி இருக்கட்டும். வேருக்கு வேண்டியது காற்று.

கலவைக்கு 2 பங்கு தேங்காய்நார்த் தூள், 1 பங்கு பெர்லைட் (காற்றோட்டம் தரும் எடை குறைந்த வெள்ளைத் துகள்). தோட்ட மண்ணும் கம்போஸ்டும் இப்போது வேண்டாம். நார்த்தூளில் சோடியமும் பொட்டாசியமும் தங்கியிருக்கும். வெறும் நீரில் அலசினால் மேலோட்டமான உப்புதான் போகும். லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடியும் நீரின் இசி (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) செ.மீ.க்கு 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழே வரும்வரை அலசுங்கள். கலவையின் பிஎச் (அமில காரத் தன்மையின் அளவு) 5.5 முதல் 6.5 வரை இருக்கலாம். அதைத் தாண்டினால் இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல், நரம்பு பச்சையாக இருக்க இளம் இலை மஞ்சளாகும். பிஎச்சை இறக்காமல் உரம் போட்டுப் பயனில்லை.

ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் பரப்பி உலர்த்துங்கள்.

நாற்றை வெதுவெதுப்பான நீரில் கழுவி அகரை முழுக்க நீக்குங்கள். அதில் சர்க்கரை உண்டு. ஒட்டிய துணுக்கில் பூஞ்சை பிடித்து, தண்டின் அடி அழுகிச் சாயும். அடியில் துளையுள்ள 5 செ.மீ. தொட்டியில் வேர் மறையும் அளவுக்கு நட்டு, மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள்.

சிங்கப்பூரில்தான் ஈரப்பதம் அதிகமாயிற்றே என்று முதல் நாளே மூடியைத் திறந்துவிடாதீர்கள். வெயில் நாளின் மதியத்தில் அது 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் காற்று வேறு அடிக்கும். 4 நாள் மூடியே இருக்கட்டும். பிறகு இரவில் மட்டும் திறந்து, மெல்ல மெல்லப் பகலுக்கும் நீட்டுங்கள். நேர் வெயில் கூடவே கூடாது, மூடிய பெட்டிக்குள் நாற்று வெந்துவிடும். தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகுவது ஒருபுறம். கொசுப்புழு இருந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அபராதம் மறுபுறம்.

முதல் வாரம் உரம் வேண்டாம். புது இலை விரிந்த பின் கால் பங்கு வீரியத்தில் தொடங்குங்கள். குப்பியில் இருந்த பழைய இலைகள் காய்ந்து உதிர்வது இயல்புதான், நடுத்தளிரை மட்டும் கவனியுங்கள். இலை கண்ணாடிபோல் தெளிந்து, தொட்டால் நொறுங்கினால் அது குப்பிக்குள்ளேயே வந்த கோளாறு: சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி கூடியிருக்கும், அல்லது அகர் குறைந்திருக்கும். அப்படிப்பட்ட நாற்றை எந்தக் கலவையும் தேற்றுவது அரிது, வாங்கும்போதே ஒதுக்கிவிடுங்கள்.