கன்சர்வேற்றரியை அகற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹரோ, ஈஸ்ட்ஹாம் போன்ற இலண்டன் புறநகர்களில் நம்மவர்கள் வாங்கிக் குடியிருக்கும் வீடுகளில் பலவற்றின் பின்புறத்தில் ஒரு கன்சர்வேற்றரி ஒட்டிக்கொண்டிருக்கும். பிளாஸ்ரிக் சட்டங்களும் பொலிகாபனேற் கூரையும் கொண்ட இந்தக் கண்ணாடி அறைகள், முப்பது ஆண்டுகளுக்கு முன் குறைந்த செலவில் வீட்டைப் பெருப்பிக்கும் வழியாக விற்கப்பட்டவை. கோடையில் வெக்கை தாங்காமலும் குளிர்காலத்தில் தரையில் கால்வைக்க முடியாமலும் போக, கடைசியில் சைக்கிளும் பழைய பெட்டிகளும் வைக்கும் இடமாகிவிட்ட இந்த அறையை அகற்றிவிட்டுத் தோட்டத்தையும் வெளிச்சத்தையும் மீட்டெடுக்கலாம் என்று இப்போது பலர் முடிவெடுக்கிறார்கள். முடிவு நல்லதுதான். ஆனால், கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றுவது இரண்டொரு நாளில் முடிந்துவிடும் சிறிய வேலை. அதற்குப் பின்னால் மழையையே காணாமல் இருபது, முப்பது ஆண்டுகள் உள்சுவராக இருந்த ஒரு சுவரை மறுபடியும் வெளிச்சுவராக்குவதுதான் பெரிய வேலை. இதை உணராமல், இடித்து அள்ளிச் செல்வதற்கு மட்டும் விலை கேட்டு ஒப்புக்கொள்வதிலிருந்தே மற்றத் தவறுகள் பலவும் தொடங்குகின்றன.

முதலில் கவனிக்க வேண்டியது, வீட்டுக்கும் கன்சர்வேற்றரிக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதை. இங்கிலாந்தில் 30 சதுர மீற்றருக்கு உட்பட்ட கன்சர்வேற்றரிக்குக் கட்டட ஒழுங்குவிதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆனால், வீட்டையும் அதையும் வெளிக்கதவின் தரத்திலுள்ள கதவோ யன்னலோ பிரித்து நிற்க வேண்டும் என்பது அந்த விலக்குக்கான நிபந்தனைகளில் ஒன்று. பல வீடுகளில் முன்னைய உரிமையாளர்கள் அந்தக் கதவைக் கழற்றிவிட்டு, அறையை விசாலமாக்குவதாக எண்ணித் திறந்த வாசலாக விட்டிருப்பார்கள், அல்லது மெல்லிய உட்கதவு ஒன்றைப் போட்டிருப்பார்கள். கன்சர்வேற்றரி போன மறுகணம் அந்த வாசல்தான் வீட்டின் பின்வாசல். கதவை அளவெடுத்துச் செய்து தர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், கதவு கைக்கு வரும்வரை இடிப்பைத் தொடங்கவே கூடாது. பலகை அடித்த வாசலுடன் மழையிலும் திருட்டுப் பயத்திலும் ஒரு மாதம் காத்திருக்க நேர்ந்தவர்களை நான் அறிவேன். பழைய அளவிலேயே கதவை மாற்றுவதானால், கதவு, யன்னல் பொருத்துவோருக்கான ஃபென்சா போன்ற திட்டத்தில் பதிவுபெற்ற நிறுவனம் தானே சான்றிதழ் தரலாம். வாசலின் ஒரு பகுதியைச் செங்கல் வைத்து அடைப்பதானாலோ அகலத்தை மாற்றுவதானாலோ உள்ளூராட்சிச் சபையின் கட்டட ஒழுங்குப் பிரிவுக்கு முன்கூட்டியே அறிவித்துக்கொள்ளுங்கள். வீட்டை விற்கும் நாளில் சட்டத்தரணி முதலில் கேட்கும் காகிதங்களில் இந்த வேலைக்கான சான்றிதழும் ஒன்று.

வாசல் அகலமாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேலே இருக்கும் சுவரின் பாரத்தை எது தாங்குகிறது? முறையான உத்தரம் இருந்தால் கவலையில்லை. பழைய யன்னலை அகற்றும்போது உத்தரம் வைக்காமல் கதவுச் சட்டத்தின் மேலேயே பாரத்தை விட்டிருந்தால், அந்தச் சட்டத்தைக் கழற்றும் நாளில் மேற்சுவர் வெடிக்கும். சந்தேகம் சிறிதளவு இருந்தாலும் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரை ஒருமுறை அழைத்துக் காட்டிவிடுவது, பிறகு வரும் செலவோடு பார்த்தால் மிகச் சிறிய தொகை.

மிக அதிகமாகச் செய்யப்படுகிற, மிக அதிகமாகச் சேதம் விளைக்கிற தவறு தரையில் இருக்கிறது. கன்சர்வேற்றரியின் கொங்கிறீட் தளத்தை உடைத்து அள்ளுவது கடினமும் செலவும் என்பதால், அதை அப்படியே விட்டு, மேலே கல் பதித்து முற்றமாக்கிக் கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள், சில ஒப்பந்தக்காரர்களே அப்படி ஆலோசனையும் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தளம் வீட்டின் உள்தரைக்குச் சமமாக இருக்கும்படி உயர்த்திப் போடப்பட்டது. வெளிச்சுவரின் அடியில் நிலத்து ஈரம் மேலேறாமல் தடுக்கும் ஈரத்தடுப்புப் படை ஒன்று ஓடுகிறது. வெளித்தரை அந்தப் படையிலிருந்து குறைந்தது 150 மில்லிமீற்றர், அதாவது இரண்டு வரிச் செங்கல் அளவு, தாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. தளத்தை விட்டுவைத்தால் வெளித்தரை அந்தப் படைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ நிற்கும். அங்கே தெறிக்கும் மழைநீர் படைக்கு மேலே உள்ள செங்கலில் ஊறி உட்சுவரில் ஈரமாக வெளிப்படும். தவிர, உட்தரையாகப் போடப்பட்ட தளத்துக்குச் சரிவு கிடையாது. முற்றத்தில் விழும் தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓட, 80 சென்றிமீற்றருக்கு ஒரு சென்றிமீற்றராவது சரிவு வேண்டும். ஆகவே தளத்தை முழுவதுமாக எடுக்க முடியாவிட்டாலும், சுவரை ஒட்டிய பகுதியையாவது வெட்டி அகற்றித் தரையைத் தாழ்த்துங்கள். அப்படிச் செய்யும்போது பின்வாசலில் இரண்டு படி வைக்க வேண்டிவரும் என்பதையும் கதவுக்கு அளவெடுக்கும்போதே நினைவில் வைத்திருங்கள்.

அதே அடிப்பகுதியில் இன்னொரு விடயம் மறைந்திருக்கும். 1930களின் வீடுகளில் பெரும்பாலும் கீழ்த்தளம் மரப்பலகைத் தரை. அதன் அடியில் காற்று ஓடுவதற்காகச் சுவரின் கீழ்வரிசையில் துளையுள்ள காற்றுக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கும். கன்சர்வேற்றரி கட்டியவர் தளத்துக்கு அடியால் குழாய் வைத்து அந்தக் காற்றை வெளியே எடுத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் கொங்கிறீட்டை ஊற்றி அடைத்தவர்கள் நிறையப் பேர். காற்று ஓடாத தரையடியில் ஈரம் தங்கி மரக்குற்றிகள் உக்கும். தளத்தை உடைக்கும்போது அந்தக் கற்களைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்துவிடுவதும், வாய்ப்பிருந்தால் அந்த மூலையில் ஒரு பலகையைக் கழற்றி மரத்தின் நிலையைப் பார்ப்பதும் இந்த வேலையோடு சேர்த்து முடிக்க வேண்டியவை. கன்சர்வேற்றரியால் வீட்டுக்கு ஏற்பட்ட பெருங்கேடு சில வீடுகளில் இந்த அடைபட்ட காற்றுதான் என்பது என் எண்ணம்.

வாசலை அடைக்கும் செங்கல் விடயத்தில் அவசரம் கூடாது. இன்றைய கல்லின் உயரம் 65 மில்லிமீற்றர். 1970களுக்கு முந்திய அங்குல அளவுக் கல் தென்னிங்கிலாந்தில் ஏறத்தாழ 68, வட பகுதிகளில் 73 வரையும் இருக்கும். வித்தியாசம் மூன்று மில்லிமீற்றர்தானே என்று புதிய கல்லால் அடைத்தால், பத்து வரி ஏறும்போது மூன்று சென்றிமீற்றர் பிசகி, பழைய வரியும் புதிய வரியும் பொருந்தாமல் நிற்கும். பழைய கல் விற்கும் கடைகளில் உங்கள் சுவரின் ஒரு கல்லையே கையில் கொண்டுபோய் நிறமும் அளவும் ஒப்பிட்டு வாங்குங்கள். புதிய பகுதியைப் பழைய சுவரோடு நேர்கோட்டில் முட்டவைத்துக் கட்டும் மேசன்மார் உண்டு. வேலை விரைவாக முடியும், ஆனால் அடுத்த குளிர்காலத்திலேயே அந்தக் கோடு பிளவாகத் தெரியத் தொடங்கும். ஒன்றுவிட்டொரு வரியில் பழைய அரைக்கல்லை எடுத்துவிட்டு, புதிய கல்லைப் பல்லுக்குப் பல் கோத்துக் கட்டும்படி வேலை தொடங்குமுன்னே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் இடைவெளி விட்டுக் கட்டிய இரட்டைச் சுவராயின் உட்சுவரும் வெளிச்சுவரும் துருப்பிடிக்காத இணைப்புக் கம்பிகளால் பிணைக்கப்பட வேண்டும். இடைவெளிக்குள் சாந்து விழுந்து குவிந்தால் அதுவே ஈரம் கடக்கும் பாலமாகிவிடும். விக்டோரியன் காலத்து ஒற்றைத் திண்சுவரில் சீமெந்துச் சாந்து வேண்டாம். அங்கே இருப்பது சுண்ணாம்புச் சாந்து. சாந்து கல்லைவிட மென்மையாக இருந்தால்தான் ஈரம் மூட்டு வழியே வெளியேறும். கடினமான சீமெந்து அந்த வழியை அடைத்துவிட, உறைபனியில் கல்லின் முகமே உதிர்ந்து விழும்.

அடைக்காத சுவர்ப்பகுதியும் அப்படியே விடக்கூடியதல்ல. உள்ளே இருந்த காலத்தில் யாராவது அதற்கு ஜிப்சம் பூச்சுப் பூசியிருப்பார்கள், அல்லது வீட்டுக்குள் அடிக்கும் சாதாரண எமல்ஷன் அடித்திருப்பார்கள். ஜிப்சம் மழையில் ஊறி உதிரும் என்பதால் அதை முழுதாக எடுத்தேயாக வேண்டும். வண்ணத்தை அகற்ற மணல் வீச்சு இயந்திரம் கொண்டுவருவதை அனுமதிக்காதீர்கள். சூளையில் வெந்து இறுகிய கல்லின் மேல்தோலை அது தின்றுவிடும். தோல் போன கல் அதன்பின் தண்ணீரைக் கடற்பஞ்சு போல் உறிஞ்சும். சூடான நீராவியையோ வண்ணம் அகற்றும் பசையையோ மூலையில் ஒரு சிறு இடத்தில் முதலில் பரீட்சித்துப் பாருங்கள். கூரை சுவரைத் தொட்ட இடத்தில் ஈயத் தகட்டுக்காக வெட்டிய கோடு ஒன்று ஓடும். அதைச் சிலிக்கோனால் நிரப்பாமல், தகட்டை எடுத்துத் தூசியைத் துடைத்துச் சாந்தால் மூட்ட வேண்டும். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே செங்கற்களுக்கு நடுவில் சிறு வடிகால் துளைகள் தெரிந்தால், அவற்றைச் சேர்த்து அடைத்துவிடாதீர்கள். இரட்டைச் சுவரின் உள்ளே வடியும் நீர் வெளியேறும் வழி அவை.

மற்றவை சுருக்கமாக. மின்சுற்றையும் கதகதப்பூட்டியின் குழாயையும் தகுதிபெற்றவர்கள் துண்டித்த பிறகே கழற்றத் தொடங்குங்கள். தளத்துக்கு அடியில் கழிவுநீர்க் குழாயோ ஆள்துளை மூடியோ இருக்கக்கூடும் என்பதால், உடைக்கும் இயந்திரத்தை இறக்குமுன் அதன் ஓட்டத்தைக் கண்டறியுங்கள். கன்சர்வேற்றரி கூரையின் பீலிக்குள் விடப்பட்டிருந்த வீட்டு மழைநீர்க் குழாயை நிலத்து வடிகால் வரை நீட்ட மறக்காதீர்கள். கல்நார் (அஸ்பெஸ்ரஸ்) 1999இல்தான் பிரித்தானியாவில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்திய சாய்ப்பின் அலைத் தகடுகளை, பரிசோதிக்காமல் உடைப்பது ஆபத்து. அயலவருடன் பொதுவான சுவர் இருந்தால் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டத்தின்படி அறிவித்தல் தேவைப்படலாம். பாதுகாக்கப்பட்ட கட்டடமாயின் அனுமதியின்றிக் கைவைப்பதே குற்றம்.

காலம் என்று பார்த்தால் ஏப்ரல் கடைசி முதல் செப்ரெம்பர் வரை உகந்தது, ஏனெனில் ஐந்து பாகைக்குக் கீழே போனால் சாந்து சரியாக இறுகாது. வேலை முடிந்ததும் உட்புறத்தை உடனே பூசி வண்ணமடிக்கும் ஆசை வரும். ஈரமான சுவர் 25 மில்லிமீற்றர் காய ஏறத்தாழ ஒரு மாதமாகும் என்பது கட்டடக்காரர்களின் கணக்கு. கோடையில் கட்டிய சுவரை ஒரு மாரிக்காலம் முழுவதும் மழை நனைக்க விட்டு, பெருமழைக்கு அடுத்த காலையில் உட்பக்கம் கைவைத்துப் பார்த்து, ஈரம் எங்கும் தட்டுப்படவில்லை என்று உறுதியான பிறகு பூச்சுக்காரரை அழையுங்கள்.