ஏஐ ராயல்டி வந்தால் யார் கைக்குப் போகும்? செட்டிநாட்டு ஓவியர், புகைப்படக்காரர்களுக்கு

2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை ஒரு முன்மொழிவை வெளியிட்டது. அதன்படி, முறையாக அணுகக் கிடைக்கும் எந்தப் படைப்பையும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) நிறுவனங்கள் தங்கள் மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்க எடுத்துக்கொள்ளலாம். படைத்தவர் ‘என் படம் வேண்டாம்’ என்று மறுக்க முடியாது. பதிலுக்கு நிறுவனத்தின் வருமானத்தில் ஒரு பங்கு ராயல்டியாக மைய அமைப்பு ஒன்றுக்குப் போய், அங்கே படைப்பைப் பதிந்தவர்களுக்குப் பிரித்துத் தரப்படும். மறுக்கும் உரிமையைப் பறிப்பது தவறு என்பதே எங்கள் கருத்து. இது முன்மொழிவுதான், சட்டமல்ல. ஆனாலும் படத்தின் பதிப்புரிமை உங்கள் பெயரில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். பலருக்கு இல்லை.

காரணம், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். கானாடுகாத்தானில் பழைய வீட்டை ஹோட்டலாக்கியவர் முகப்புக்கு ஓவியம் கேட்டாலும், காரைக்குடியில் கல்யாண வீட்டார் ஆல்பம் கேட்டாலும் இதே கதைதான்.

அதனால் முன்பணம் வாங்கும் முன் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: ‘பதிப்புரிமை கலைஞருடையது. முகப்பில் மாட்டவும் ஹோட்டல் விளம்பரத்துக்கும் மட்டும் அனுமதி. ஏஐ பயிற்சியால் வரும் தொகை கலைஞருக்கு.’ உரிமையையே எழுதிக் கொடுப்பதானால் காலமும் இடமும் குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால் 5 ஆண்டு, இந்தியா முழுவதும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும்.

அடுத்து சான்று. பென்சில் வரைவு, கேமராவின் ரா (RAW) கோப்பு, லேயர் பிரிந்த மூலக் கோப்பு மூன்றையும் தேதியோடு இரண்டு இடத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே பதிந்திருக்கும் தேதி, கேமரா விவரம் போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பதிப்புரிமை பதிவு கட்டாயமில்லை, ஆனால் வழக்கில் கை கொடுக்கும். படிவம் 14, ஓவியம் ஒன்றுக்கு 500 ரூபாய். ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். பலகாரப் பெட்டி லேபிள் போலப் பொருளோடு சேர்ந்த படமென்றால் 2,000 ரூபாய், கூடவே வர்த்தக முத்திரை அலுவலகச் சான்றிதழும் வேண்டும்.

ஆத்தங்குடி டைல்ஸுக்கும் கண்டாங்கிச் சேலைக்கும் புது டிசைன் போடுபவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து, அதுவும் இன்றைய சட்டத்திலேயே. வடிவமைப்பாகப் பதியத்தக்க டிசைனைப் பதியாமல், உங்கள் சம்மதத்தோடு 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அதன் பதிப்புரிமை, பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி போய்விடும். கையால் வார்க்கிற கல்தானே என்று இருந்துவிடாதீர்கள். வடிவமைப்புச் சட்டம் கைமுறை உற்பத்தியையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு அறைத் தரைக்கே 50 கல் தாண்டிவிடும்.

ஆகவே முதல் கல் வார்க்கும் முன், இன்ஸ்டாகிராமில் போடும் முன், 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதியுங்கள். முன்பே வெளியான டிசைனைப் பதிய முடியாது. தனிநபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பாதுகாப்பு 10 ஆண்டு, புதுப்பித்தால் இன்னும் 5.