மரப்பட்டையில் ஒளிந்திருக்கும் சிலந்தியைப் படம் எடுப்பது எப்படி?

எங்கள் வீட்டுப் பின்பக்கத்து மாமரத்தில் கயிறு கட்டித்தான் பல வருடமாகத் துணி காயப்போடுகிறோம். அந்த மரத்தில் ஒரு சிலந்தி குடியிருப்பது போன வருடம்தான் தெரிந்தது. பெயர் இரட்டைவால் சிலந்தி. உடல் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். பட்டையின் அதே சாம்பல், அதே பழுப்பு, அதே கறை. வால் போல் நீட்டிக்கொண்டிருப்பவை உண்மையில் நூல் விடும் உறுப்புகள். இது பூச்சி பிடிக்க வட்டவலை கட்டுவதில்லை. பூச்சி பக்கத்தில் வந்தால் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி நூலால் கட்டிப்போட்டுவிடும். நம்மூர் மா, வேம்பு எதிலும் தேடலாம். படம் எடுத்துப் பழகுவதற்கு இதைவிட நல்ல சிலந்தி கிடையாது.

முதலில் கண்டுபிடிக்க வேண்டும்

கேமராவை உள்ளேயே வைத்துவிட்டு ஒரு டார்ச்சோடு சாயங்காலம் போங்கள். மரத்துக்கு நேராக அடிக்காமல், டார்ச்சைத் தண்டோடு ஒட்டிவைத்து, வெளிச்சம் பட்டையை உரசிக்கொண்டு போகும்படி அடியுங்கள். சிலந்தி தட்டையாகப் படுத்திருப்பதே நிழல் விழாமல் இருக்கத்தான். உரசும் வெளிச்சத்தில் அந்தத் தந்திரம் பலிக்காது, எட்டுக் காலின் நிழலும் கோடு கோடாகத் தெரிந்துவிடும். உங்களைக் கண்டதும் மரத்தின் மறுபக்கம் ஓடும். துரத்தாதீர்கள். இரண்டு நிமிடம் கழித்து மெதுவாகச் சுற்றி வாருங்கள்.

காலில் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். இருட்டில் பாம்பும் இருக்கும். முசுறு எறும்பு ஏறும் மரம் என்றால் முழுக்கைச் சட்டையும் வேண்டும். சொல்லும்போதே கை அரிக்கிறது. ஆனால் அந்த முசுறுகளுக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் தனியாகத் தயங்கித் தயங்கி நடந்தால் காலை எண்ணிப் பாருங்கள். எட்டு இருந்தால் அது எறும்பு வேடமிட்ட குதிக்கும் சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டும். அதிர்ந்தால் நூலைப் பிடித்துத் தொங்கிவிடும்.

கருவி

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கிளிப் மேக்ரோ லென்ஸை (சின்னப் பொருளை மிக நெருங்கிப் பெரிதாக எடுக்கும் லென்ஸ்) ஃபோனில் மாட்டினாலே ஆரம்பிக்கலாம். பல ஃபோன்களில் இருக்கும் மேக்ரோ மோடில் மிக நெருங்க வேண்டியிருப்பதால் ஃபோனின் நிழலே சிலந்திமேல் விழும். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் துளை வளையம் (வெளிச்சம் நுழையும் துளையைக் கையால் சுருக்கி விரிக்கும் வளையம்) உள்ள பழைய 50 மி.மீ. லென்ஸை ரிவர்ஸ் ரிங் போட்டுத் திருப்பி மாட்டலாம். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இருந்தால் கொடுத்துவைத்தவர்.

வெளிச்சம்

நான் ஒரு மாதம் வீணடித்தது இங்கேதான். கேமராவின் சொந்த ஃப்ளாஷை நேருக்கு நேர் அடித்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் அழகான மரப்பட்டை, சிலந்தியைக் காணோம்! கண்ணை ஏமாற்றும் சிலந்தி லென்ஸையும் ஏமாற்றும்.

ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில் பிடியுங்கள். முன்னால் ஒரு டிஃப்யூசர், அதாவது வெளிச்சத்தை மென்மையாக்கும் திரை, வேண்டும். டிவி பெட்டிக்குள் சுற்றி வரும் வெள்ளை நுரைத்தாளே போதும். இல்லாவிட்டால் பட்டர் பேப்பரை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். ஷட்டர் 1/200 நொடி, துளை எஃப் 8 முதல் 11 வரை, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 200. ஃபோன்காரர்கள் நண்பர் ஒருவரை டார்ச் பிடிக்கச் சொல்லலாம்.

ஒரே சிலந்தியை இரண்டு விதமாக எடுங்கள். வெளிச்சம் நேராக விழ, அது பட்டையோடு மறைந்திருக்கும் படம் ஒன்று. பக்க வெளிச்சத்தில் கால் ரோமம் வரை தெரியும் படம் இன்னொன்று. முதல் படம் இல்லாவிட்டால் அது எவ்வளவு கெட்டிக்காரச் சிலந்தி என்பது பார்ப்பவருக்குப் புரியாது.

ஃபோகஸ்

1:1 அளவில், அதாவது சிலந்தியின் பிம்பம் கேமரா சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்போது, கூர்மையாக வரும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். ஆட்டோஃபோகஸ் தடுமாறும், அணைத்துவிடுங்கள். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, முழங்கையை மரத்தில் ஊன்றி, மூச்சை விட்டபடி உடம்பை மயிரிழை மயிரிழையாக முன்னால் சாயுங்கள். சிலந்தியின் கண் தெளியும் நொடியில் நாலைந்து படம் தட்டுங்கள். பத்துக்கு ஒன்று தேறும். எனக்கு இன்னும் அவ்வளவுதான்.

முழு உடலும் தெளிவாக வேண்டுமானால் கேமராவைத் தண்டுக்கு இணையாகப் பிடியுங்கள். தட்டையான உடம்பு அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும். முகம் வேண்டுமானால் கீழிருந்து தண்டை ஒட்டிப் பாருங்கள். சிலந்தி பெரும்பாலும் தலைகீழாக இருப்பதால் கண்கள் அமைந்த மேடு உங்களைப் பார்த்தபடி எழுந்து நிற்கும்.

நகரவில்லை என்பதற்காகக் குச்சியால் குத்துவது, ஃப்ரிட்ஜில் வைத்து மயக்குவது எல்லாம் வேண்டாம். எடுத்த படத்தை அங்கேயே பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். மங்கலா? சரி, நாளைக்கு வாருங்கள். அநேகமாக அதே மரத்தில்தான் இருக்கும்.