ஆம்பூர் பிரியாணி: வழியில் சாப்பிட, கட்டிக்கொண்டு போக, வீட்டில் ஆக்க

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா தாண்டியதும் பிரியாணிக் கடைப் பலகைகள் தொடங்கிவிடும். வாணியம்பாடி வரை விடாது. பலகை எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் அண்டாவுக்குள் இருப்பது கடைக்குக் கடை மாறும். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் பக்கமும், ஆற்காடு ராணிப்பேட்டை பக்கமும் போயின. சமையலில் மட்டும் அது இன்னும் பழைய வட ஆற்காடுதான். சீரக சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, பக்கத்தில் புளிப்பாக ஒரு கரண்டி கத்தரிக்காய். இந்த மூன்றையும் எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் கடையில் நல்லதைத் தேடிச் சாப்பிடலாம், வீட்டிலும் அதையே ஆக்கலாம்.

வழியில் சாப்பிடும்போது

மதியம் 12 மணியிலிருந்து 1.30 வரை போவது நல்லது. அந்த நேரத்தில் அண்டா மளமளவென்று காலியாகி அடுத்தது உடைக்கப்படும். மூன்று மணிக்குமேல் கிடைப்பது பெரும்பாலும் அடியில் தங்கியது. எண்ணெய் எல்லாம் கீழே இறங்கி, சோறு கனத்துப்போயிருக்கும். உள்ளே உட்காருவதற்கு முன்னால் "புது அண்டா உடைச்சாச்சா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்றால் காத்திருங்கள். தம் உடைத்த சூட்டில் சாப்பிடுவதற்கு ஈடாக எதுவும் இல்லை.

இலையில் வைத்ததும் கறியைத் தொடாமல் முதலில் சோற்றைப் பாருங்கள். நிறம் இளஞ்சிவப்பும் பழுப்புமாகக் கலந்து, அங்கங்கே வெளுத்த பருக்கைகளோடு இருக்க வேண்டும். ஒரே சீராக ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் அது மிளகாய் கொடுத்த நிறமில்லை, கேசரிப் பவுடர். இரண்டு பருக்கையை விரலால் தேய்த்தால் தனித்தனியாக உருள வேண்டும், ஆனால் நசுக்கினால் மெத்தென்று நசுங்க வேண்டும். மூக்குக்கு முதலில் வரவேண்டியது புதினாவும் பூண்டும். பட்டை, கிராம்பு வாசனை தூக்கலாக அடித்தால் யாரோ கரம் மசாலாத் தூளைத் தூவியிருக்கிறார்கள். ஆம்பூர் கைப்பக்குவத்தில் அந்தத் தூளுக்கு வேலையே இல்லை.

கறி வேண்டாம், சோறு மட்டும் போதும் என்றால் 'குஸ்கா' என்று கேளுங்கள். குழந்தைகளுக்கு அதுதான் சௌகரியம். கத்தரிக்காயையும் தயிர் வெங்காயத்தையும் எத்தனை தடவை கேட்டாலும் வைப்பார்கள், கூச்சப்பட வேண்டாம். ஆனால் இரண்டையும் முதல் வாயிலேயே சோற்றில் பிசைந்துவிடாதீர்கள். நாலு வாய் வெறும் பிரியாணி சாப்பிட்டுப் பார்த்தால்தான் உப்பு, காரம், புளிப்பு எந்த அளவில் நிற்கிறது என்று நாக்குக்குத் தெரியும். வீட்டில் ஆக்கும்போது அந்த ஞாபகம்தான் கை கொடுக்கும்.

கட்டிக்கொண்டு போகும்போது

வாங்கும்போதே ஊர் போய்ச் சேரும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். சோறும் கறியும் கலந்த சாப்பாடு வெளிச்சூட்டில் நாலு மணி நேரத்துக்குமேல் தாங்காது. சித்திரை, வைகாசி வேலூர் வெயிலில் இரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெந்த சோற்றில் சில கிருமிகளின் வித்து சாகாமல் தங்கும். சோறு வெதுவெதுப்பாக ஆறிக் கிடக்கும்போது அது பெருகி நஞ்சு விடும், அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. "சூடு பண்ணிச் சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று நம்பித்தான் பலர் வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

எவர்சில்வர் ஹாட் பாக்ஸ் கொண்டுபோவது நல்லது. அதில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிஷம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, துடைத்து, அடியில் வாழையிலைத் துண்டு போட்டு, அண்டாவிலிருந்து நேராக வாங்குங்கள். சோற்றை அமுக்கி அடைக்கக் கூடாது. சீரக சம்பா சின்ன அரிசி, அமுக்கினால் கட்டியாகிவிடும். கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும் தனித்தனி டப்பாவில் இருக்கட்டும். வெங்காயம் தண்ணீர் விட்டு, தயிர் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் தயிர் வெங்காயத்தை ஒரு மணி நேரத்துக்குள் காலி பண்ணுங்கள். காட்பாடியிலிருந்தோ ஜோலார்பேட்டையிலிருந்தோ ராத்திரி ரயில் ஏறுகிறவர்கள் மதியமே வாங்கி வைத்துக்கொள்வது நல்லதல்ல. கிளம்பும் முன்பு புதிதாக வாங்குங்கள்.

இனிப்புக்கு ஆற்காடு மக்கன் பேடா. கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம், திராட்சை வைத்துப் பொரித்து, பாகில் ஊறியது. பாகோடு கட்டினால் வழியெல்லாம் ஒழுகும். பாகை வடித்துவிட்டு, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் தட்டையான டப்பாவில் கேளுங்கள். தொட்டாலே உடையும் பதம் அது.

வீட்டில் ஆக்க: அளவு

ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி. எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும். பழைய சீரக சம்பாவாக, ஒரு வருஷமாவது ஆனதாகக் கேட்டு வாங்குங்கள்; புது அரிசி எவ்வளவு பக்குவமாக வடித்தாலும் குழையும். ஆட்டுக்கறியில் தொடையும் நெஞ்செலும்பும் கலந்து, எலும்போடு, ஒரு துண்டு ஐம்பது கிராம் வருகிற மாதிரி வெட்டச் சொல்லுங்கள்.

கடலை எண்ணெய் 200 மில்லி, பெரிய வெங்காயம் அரை கிலோ, நாட்டுத் தக்காளி 400 கிராம், பூண்டு 100 கிராம், இஞ்சி 100 கிராம், கெட்டித் தயிர் ஒரு டம்ளர் (200 மில்லி), ஒரு கட்டு புதினா, அரைக் கட்டு கொத்தமல்லி, ஒரு எலுமிச்சம்பழம். பட்டை இரண்டு அங்குலத் துண்டு நான்கு, கிராம்பு எட்டு, ஏலக்காய் எட்டு. முழு மசாலா அவ்வளவுதான். பூண்டையும் இஞ்சியையும் தனித்தனியாக அரைக்க வேண்டும்.

நீட்டு மிளகாய் வற்றல் 25. காம்பும் பாதி விதையும் நீக்கி, கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஊறின தண்ணீரில் கொஞ்சம் விட்டு வெண்ணெய் போல அரையுங்கள். திப்பி நின்றால் வடிகட்டியில் தேய்த்து எடுங்கள். மிளகாய்த் தூள் போட்டால் வேலை சுருக்கமாக முடியும், ஆனால் தூள் எண்ணெயில் சட்டென்று கருகும், கசப்பு ஏறும். விழுதில் தண்ணீர் இருப்பதால் அது நிதானமாக வதங்கி நிறத்தை எண்ணெய்க்குக் கொடுக்கும். இந்தப் பிரியாணியின் ருசி இங்கேதான் முடிவாகிறது.

கறி

அடி கனத்த, வாய் அகன்ற, எட்டு லிட்டர் பாத்திரம் வேண்டும். எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய். வெடித்ததும் நீளமாக அரிந்த வெங்காயம், பொன்னிறம் வரும்வரை. முதலில் பூண்டு விழுது, அதன் பச்சை வாசனை போன பிறகு இஞ்சி. இஞ்சி சீக்கிரம் அடிப்பிடிக்கும், அதனால்தான் பின்னால் வருகிறது.

இப்போது மிளகாய் விழுது. தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே ஐந்தாறு நிமிஷம். முதலில் மூக்கில் நெடி ஏறும், விழுது கொதகொதவென்று இருக்கும். மெல்ல நெடி அடங்கி, விழுது கரண்டியோடு சேர்ந்து நகர ஆரம்பித்து, ஓரத்தில் சிவப்பு எண்ணெய் கசிந்து வளையமாக நிற்கும். அந்த வளையம் தெரியும் முன்னால் கறியைக் கொட்டிவிட்டால் மிளகாயின் பச்சை வாசனை கடைசி வரை போகாது. தம்மில் சரியாகும் என்று விடக் கூடாது.

பிறகு கறி, இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு. பத்து நிமிஷம் நல்ல தீயில் புரட்டுங்கள். தக்காளி, புதினா, கொத்தமல்லி. தக்காளி கரைந்ததும் தீயைக் குறைத்து, நன்றாக அடித்த தயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கொதியில் மொத்தமாக ஊற்றினால் தயிர் திரிந்து குருணை குருணையாக நிற்கும். இரண்டு டம்ளர் சுடுதண்ணீர் விட்டு மூடி, கறி முக்கால் பதத்துக்குமேல் வேகும்வரை, ஏறக்குறைய 45 நிமிஷம். இளங்கறி என்றால் முன்னாலேயே ஆகும். நடுவில் தண்ணீர் சுண்டினால் சுடுதண்ணீரே விடுங்கள். மாட்டுக்கறிக்கு இதைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும் என்பதால் குக்கரில் தனியாக வேகவைத்துச் சேர்ப்பது மேல். கோழிக்குத் தண்ணீரே வேண்டாம், 15 நிமிஷம் போதும்.

கறி வெந்து நிற்கும்போது, மேலே மிதக்கும் எண்ணெயைக் கணக்கில் சேர்க்காமல், இரண்டு டம்ளர் சாறு பாத்திரத்தில் இருக்க வேண்டும். இதைக் கண்ணால் மட்டும் மதிப்பிட வேண்டாம், ஒரு தடவையாவது கரண்டியால் மொண்டு டம்ளரில் அளந்து பாருங்கள். கூடினால் சோறு குழையும். குறைந்தால் அடி தீயும், மேலே விரைவிரையாக நிற்கும். கூடியிருந்தால் திறந்து வைத்துச் சுண்டவிடுங்கள்.

சோறும் தம்மும்

அரிசியை இரண்டு தடவை மெதுவாகக் கழுவி 20 நிமிஷம் மட்டும் ஊறவிடுங்கள். அதற்குமேல் ஊறினால் கரண்டி பட்டதும் உடையும். இன்னொரு பாத்திரத்தில் ஐந்து லிட்டர் தண்ணீர் கொதிக்கட்டும். உப்பு போட்டு வாயில் வைத்தால் நன்றாகக் கரிக்க வேண்டும். இங்கே உப்பு குறைந்தால் பிறகு எவ்வளவு போட்டாலும் பருக்கைக்குள் இறங்காது. அரிசியைக் கொட்டி மறுபடி கொதி வந்ததிலிருந்து நாலைந்து நிமிஷம். மூன்றாம் நிமிஷத்திலிருந்தே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாருங்கள்: மூன்று துண்டாக உடைந்து, நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான் முக்கால் பதம். உடனே வடித்துவிட வேண்டும். அரை நிமிஷம் தாமதித்தாலும் சீரக சம்பா கைமீறிப் போகும்.

வடித்த சோற்றைச் சூடாகவே கறிமேல் கொட்டுங்கள். எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, கரண்டியை ஓரமாக அடிவரை விட்டு, ஒரே ஒரு தடவை புரட்டிச் சமப்படுத்துங்கள். அடுப்பில் பழைய தோசைக்கல், அதன்மேல் பாத்திரம். வாயை ஈரத்துணியால் சுற்றி, தட்டு மூடி, தட்டின்மேல் சோறு வடித்த கஞ்சியையே கொதிக்கக் கொதிக்கப் பாத்திரத்தோடு தூக்கி வையுங்கள். கடைகளில் மூடிமேல் விறகுத் தணல் அள்ளிப் போடுவார்கள். மேலிருந்தும் சூடு வேண்டும், பளுவும் வேண்டும், கஞ்சிப் பாத்திரம் இரண்டையும் கொடுக்கும். துணி முனை தீப்பக்கம் தொங்காமல் மேலே மடித்துவிடுங்கள். முதல் ஐந்து நிமிஷம் நடுத்தரத் தீ, அடுத்த 15 நிமிஷம் சிறு தீ. அணைத்துப் பத்து நிமிஷம் தொடக்கூடாது. எடுக்கும்போது கரண்டியால் கிண்டாமல், தட்டையான தட்டு ஒன்றை ஓரத்தில் செருகி அடியோடு அள்ளுங்கள்.

திறந்தபோது மேல் சோறு விரைத்திருந்தால் கால் டம்ளர் சுடுதண்ணீர் தெளித்து இன்னும் எட்டு நிமிஷம் தம்மில் விடலாம். குழைந்துவிட்டால் மீட்க வழியில்லை. அகலமான தாம்பாளத்தில் கொட்டி ஆவியை விட்டால் ஓரளவு நிமிரும். அடி பிடித்த வாசனை வந்தால் அடியைச் சுரண்டாமல் மேல் பாகத்தை மட்டும் வேறு பாத்திரத்துக்கு உடனே மாற்றுங்கள்.

கத்தரிக்காய்

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் விளையும் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கிடைத்தால் அதையே வாங்குங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பில் முள் இருக்கும், அரியும்போது கை கவனம். அரை கிலோவை நாலாகக் கீறி உப்புத் தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் கறுக்கும். 100 மில்லி நல்லெண்ணெயில், தோல் சுருங்கும்வரை வதக்கி எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் இரண்டு வெங்காயம், மூன்று தக்காளி, ஒரு தேக்கரண்டி மிளகாய் விழுது, மஞ்சள். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, வறுத்து அரைத்த இரண்டு மேசைக்கரண்டி எள்ளும் மூன்று மேசைக்கரண்டி வேர்க்கடலையும் சேர்த்து, கத்தரிக்காயைத் திரும்பப் போட்டு எண்ணெய் பிரியும்வரை சிறு தீயில். கத்தரிக்காய் உருண்டு முழுசாக நிற்க வேண்டும், மசியக் கூடாது. இதைக் காலையிலேயே செய்து வைத்துவிட்டால் மதியத்துக்குள் புளியும் காரமும் உள்ளே இறங்கியிருக்கும்.

மீந்த பிரியாணியை ஆற ஆற வெளியில் வைக்காமல், அகலமான டப்பாவில் பரப்பி இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் வாணலியில் புரட்டினால் பருக்கை உடைந்து வறண்டுபோகும். இட்லித் தட்டில் துணி போட்டு, சோற்றைப் பரப்பி, கைத்தண்ணீர் தெளித்து, பத்து நிமிஷம் ஆவியில் வைத்தால் கறி நடுவரை சூடேறும்.